புள்ளி வட்டம் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எழுத்துருவைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவி. பெயரைத் தட்டினால் அது அழகான எழுத்துருவில் வாழ்த்து அட்டையின் மேல் வந்து உட்காரும்படி ஒரு பக்கம் செய்தேன். எல்லாம் கேன்வாஸில், அதாவது பக்கத்துக்குள் நிரலால் படம் வரையும் பலகையில், வரைவதுதான். கடைசியில் படமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் முதல் தடவை எப்போதும் சாதாரண எழுத்தில்தான் வருகிறது. இரண்டாவது தடவை சரியாகிவிடுகிறது. போன இதழில் நீங்கள், எழுத்துருக்கள் தயார் என்று உலாவி சொல்லும் ‘டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி’ வரும்வரை பொறுத்திருந்து வரைந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். பொறுத்திருந்தேன். பழைய கதைதான்.

பதில்: தப்பு என்னுடையது. ‘போதும்’ என்று எழுதியிருக்கக் கூடாது.

உலாவி பெரிய சிக்கனக்காரர். சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியில், ஓர் எழுத்துருவை அறிவித்ததுமே கோப்பை இறக்கிவிடாது. பக்கத்தில் ஏதாவது ஓர் எழுத்துக்கு அது தேவைப்படும்போதுதான் எடுத்துவரப் போகும். உங்கள் பக்கத்தில் அந்த எழுத்துருவைக் கேட்பது கேன்வாஸ் மட்டும்தான். அதுவும் பயனர் பெயரைத் தட்டிய பிறகு. ரெடி என்பதோ, இப்போது இறங்கிக்கொண்டிருக்கும் எழுத்துரு எதுவும் பாக்கி இல்லை என்று மட்டும் சொல்வது. யாரையும் கூப்பிடாமலேயே ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்றுதானே பதில் வரும்? அதுதான் உங்களுக்கும் வந்தது.

சாதாரணப் பக்கத்து உரை என்றால் இதனால் பாதகம் இல்லை. எழுத்துரு தாமதமாக வந்தாலும் உலாவி அந்த வரிகளைத் தானே திரும்ப வரைந்துவிடும். கேன்வாஸ் அப்படியில்லை. எழுத்துரு கையில் இல்லையென்றால் வேறொன்றை வைத்து அந்தக் கணமே வரைந்துவிடும். வரைந்த பிறகு அது எழுத்தே அல்ல, வெறும் நிறப்புள்ளிகள். பின்னால் கோப்பு வந்து சேர்ந்தாலும் பழைய படத்தை யாரும் மாற்றப்போவதில்லை. இரண்டாவது தடவை சரியாக வருவதற்குக் காரணம், அதற்குள் கோப்பு இறங்கிவிட்டதுதான்.

ஆகவே நாமே கூப்பிட வேண்டும். ‘டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட்’ என்ற அழைப்பு இருக்கிறது. அதற்கு அளவையும் எழுத்துருவின் பெயரையும் கொடுத்து, அது தரும் பிராமிஸ் (வேலை முடிந்ததும் தெரிவிப்பதாகத் தரும் வாக்கு) நிறைவேறிய பிறகு வரையுங்கள்.

இங்கேதான் நான் ஒரு முழு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன். லோட் போட்டேன், பிராமிஸ் நிறைவேறியது, பிழை எதுவும் இல்லை, எழுத்து மட்டும் பழையபடியே வந்தது. எழுத்துருவின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், கோப்பை மாற்றினேன், உலாவியை மாற்றினேன். கடைசியில் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. லோட் இரண்டாவதாக ஒன்றையும் வாங்கிக்கொள்ளும்: எந்த உரையை வரையப்போகிறோம் என்பதை. அதைக் கொடுக்காவிட்டால் ஒரே ஒரு இடைவெளி எழுத்தைக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளும். நான் பயன்படுத்திய எழுத்துரு, லத்தீன் எழுத்துகளுக்கு ஒரு கோப்பு, தமிழுக்கு ஒரு கோப்பு என்று யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொது முறை) எல்லைப்படி பிரிக்கப்பட்டிருந்தது. இடைவெளி லத்தீன் கோப்பில் இருந்தது. ஆக உலாவி கடமை தவறாமல் லத்தீன் கோப்பை இறக்கிவிட்டு ‘வந்தாச்சு’ என்றது. தமிழ்க் கோப்பை யாரும் கேட்கவே இல்லை. பயனர் தட்டிய பெயரையே இரண்டாவது இடத்தில் கொடுத்தேன், தீர்ந்தது.

இன்னும் இரண்டு விஷயம். எழுத்துருவின் பெயரைத் தப்பாக எழுதினாலும் லோட் சத்தம் போடாது. நிறைவேறிய பிராமிஸில் வெற்றுப் பட்டியலைத் தந்துவிட்டுப் போய்விடும். அதனால் பட்டியலில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேன்வாஸும் அதே குணம். அதன் ஃபான்ட் பண்பில் அளவு, பெயர் இரண்டும் வேண்டும். அளவை விட்டுவிட்டால் நீங்கள் எழுதிய வரியையே கண்டுகொள்ளாது; தொடக்கத்தில் இருந்த 10 பிக்சல் சான்ஸ்-செரிஃபிலேயே வரைந்துகொண்டிருக்கும். இந்த ஏபிஐக்கு, அதாவது உலாவி நம் நிரலுக்குத் தரும் அழைப்புகளின் தொகுப்புக்கு, வாயே கிடையாது. சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழுகிற மாதிரி அசைவூட்டம் செய்தேன். ஆங்கிலத்தில் அருமையாக வருகிறது. தமிழில் ‘கொடி’ என்று போட்டால் முதலில் ‘க’ விழுகிறது, பிறகு கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளி வட்டமுமாக ஏதோ விழுகிறது. அந்த வட்டம் எங்கிருந்து வருகிறது? நான் அதைத் தட்டச்சு செய்யவே இல்லை.

பதில்: அந்த வட்டம் ஒரு முறையீடு. ‘துணைக்குறியைக் கொடுத்துவிட்டீர்கள், அது ஏறி உட்கார எழுத்தைக் காணோமே’ என்று உலாவி கேட்கிறது.

நாம் எழுத்து என்பதும் உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எழுத்து என்பதும் வேறு வேறு. நமக்கு 247 எழுத்து. யூனிகோட் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடம்தான், அதிலும் பல காலி. உயிர், அகரமேறிய மெய், துணைக்குறிகள், புள்ளி, எண்கள் என்று கொஞ்சமாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொள்கிறது. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ‘கொ’ என்பது க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக 2. நீங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து வரையும்போது ஒகரக் குறி துணையில்லாமல் தனியே போய் நிற்கிறது. பாவம்.

இந்த வரிசை என்னை ஒரு காலத்தில் ரொம்பவே குழப்பியிருக்கிறது. நான் தொழில் பழகியது பழைய எட்டு பிட் எழுத்துருக்களில். அங்கே கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் தட்டுகிற வரிசை: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். விரலுக்கு அது பழகிவிட்டது. யூனிகோடுக்கு வந்தபோது ‘கொம்பை ஏன் பின்னால் வைத்திருக்கிறார்கள், தலைகீழாக இருக்கிறதே’ என்று நொந்துகொண்டேன். வாயால் சொல்லிப் பார்த்தால் யூனிகோட் வரிசைதான் நியாயம்: முதலில் மெய்யின் ஒலி, பிறகு உயிரின் ஒலி. கொம்பு இடப்பக்கம் நிற்பது பார்வைக்கான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்வது எழுத்துகளை வடிவாக்கும் பொறி. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. அது எழுத்துருவுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் விதிகளைப் படித்து, கொம்பை முன்னால் நகர்த்தி, டகரத்தோடு இகரத்தைச் சேர்த்து ‘டி’ என்ற ஒரே வடிவமாக்கி, எந்த வடிவம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும். இந்த வேலைக்கு அதற்குச் சொல் முழுதாக வேண்டும். நீங்கள் பிய்த்துக் கொடுத்தால் பிய்ந்ததைத்தான் வரையும்.

வழி இருக்கிறது. ‘இன்ட்டல்.செக்மென்ட்டர்’ என்பது உரையை வாசகர் கண்ணுக்கு எழுத்தாகத் தெரியும் துண்டுகளாகப் பிரித்துத் தரும். கொடி என்றால் கொ, டி. தமிழ் என்றால் த, மி, ழ். குரோமிலும் சஃபாரியிலும் முன்பே இருந்தது; ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் வந்துவிட்டது. தயங்காமல் பயன்படுத்தலாம். ஒரே இடத்தில் மட்டும் ஏமாற்றும்: க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இரண்டிரண்டாக வெட்டிவிடும். க் தனியே, ஷ தனியே விழும். இந்த இரண்டுக்கும் நான் கையாலேயே ஒரு விதி எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். அழகான தீர்வு இல்லைதான்.

எழுத்து விழ வேண்டிய இடத்தையும் சரியாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு துண்டின் அகலத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். பக்கத்து எழுத்தைப் பார்த்து நெருங்கியும் விலகியும் நிற்கும்படி எழுத்துருவில் ஏற்பாடு இருக்கலாம். அப்போது கூட்டுத்தொகை சொல்லின் அகலத்தோடு பொருந்தாது. சொல்லின் தொடக்கத்திலிருந்து அந்தத் துண்டு வரை உள்ள பகுதியை ‘மெஷர்டெக்ஸ்ட்’ வைத்து அளந்து, அதில் துண்டின் சொந்த அகலத்தைக் கழித்தால் அது தொடங்கும் இடம் கிடைக்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். கேன்வாஸிலேயே ‘லெட்டர்ஸ்பேசிங்’ என்ற பண்பு இருக்கிறது. உலாவி அதை ஏற்கிறதா என்று பார்த்துக்கொண்டு அதையே வையுங்கள்.

கேள்வி: பயனரின் கணினியில் குறிப்பிட்ட எழுத்துரு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ‘டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.செக்’ போட்டேன். வாயில் வந்த பெயரைக் கொடுத்தாலும் ‘உண்டு’ என்கிறது. இது என்ன கூத்து?

பதில்: கூத்து இல்லை, கேள்வியே வேறு. செக் என்பது ‘இந்த எழுத்துரு இருக்கிறதா’ என்று கேட்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது கேட்பது, ‘இதை இப்போது வரைந்தால், பக்கத்தில் அறிவித்தவற்றில் இன்னும் இறங்காத கோப்பு ஏதாவது தேவைப்படுமா?’ என்று. இல்லாத எழுத்துருவுக்கு எந்தக் கோப்பும் தேவைப்படாது. அதனால் விதிப்படி ‘உண்மை’ என்றுதான் விடை. பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

கணினியில் என்னென்ன எழுத்துரு இருக்கிறது என்று பட்டியல் தரும் ஏபிஐ தனியே இருக்கிறது: ‘குவெரிலோக்கல்ஃபான்ட்ஸ்’. 2022இல் குரோம் 103உடன் வந்தது. பயனரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தரும். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இதைச் சேர்க்கவில்லை. காரணம் நியாயமானது. ஒருவர் கணினியில் என்னென்ன எழுத்துருக்களை நிறுவியிருக்கிறார் என்ற பட்டியலே கைரேகை மாதிரி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். குக்கீயே வைக்காமல் பின்தொடரலாம். அதனால் சஃபாரி, பயனர் தானாக நிறுவிய எழுத்துருக்களைப் பக்கங்களுக்குக் காட்டுவதே இல்லை.

படம் வரையும் செயலியோ பக்க வடிவமைப்புச் செயலியோ எழுதுகிறீர்கள் என்றால் அந்த ஏபிஐ வேண்டும். மற்றபடி எதற்குக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? உரிமம் இருந்தால் கோப்பை நீங்களே அனுப்புங்கள்.

கேள்வி: தலைப்பைத் தடிமன் ஆக்கினால் ‘ணை’, ‘ழி’ எல்லாம் மை ஊறினாற்போல் அடைத்துக்கொள்கின்றன.

பதில்: உங்களிடம் தடித்த எழுத்துக்கான கோப்பு இல்லை. உலாவி சாதாரண வடிவத்தையே எடுத்து ஊதிப் பெரிதாக்குகிறது. சுழி நிறைந்த எழுத்துகள் முதலில் அடிபடும். தடித்த கோப்பைத் தனியாக அறிவியுங்கள். நிரலில் ‘ஃபான்ட்ஃபேஸ்’ வழியாகச் சேர்ப்பதானால் எடை 700 என்று கூடவே சொல்லுங்கள். கோப்பு கிடைக்காவிட்டால் சிஎஸ்எஸ்ஸில் ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ பண்புக்கு ‘நன்’ (none) போட்டு இந்த ஊதலை நிறுத்திவிட்டு, தலைப்பை அளவால் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன், பொழுதுபோக்காக நிரல் கற்கிறேன். ஒரு காலத்தில் ‘இந்தப் பக்கத்தைப் படிக்க எழுத்துருவை இறக்கி நிறுவவும்’ என்று தமிழ்ப் பக்கங்களில் போட்டிருப்பார்கள். எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் வசதி அப்போது இல்லையா?

பதில்: ஐயா, இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1997இலேயே நெட்ஸ்கேப் 4 ஒரு முறையைக் கொண்டுவந்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. ஒன்றின் கோப்பு மற்றதில் ஓடாது. இரண்டுக்கும் இரண்டு விதமாகக் கோப்பு செய்து வைக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரின் கோப்பை இன்ன தளத்துக்கு மட்டும் என்று பூட்டியும் வைக்கலாம். தள முகவரி மாறினால் எழுத்து போய்விடும். அப்படி ஒரு தளத்தை இடம் மாற்றி, மறுநாள் காலையில் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல் வந்து நின்றதைப் பார்த்து வியர்த்தவள் நான். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் குடியிருந்தது. எழுத்துரு இல்லையென்றால் கட்டம்கூட வராது. வாய்க்குள் நுழையாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். எழுத்துருவை இறக்கி நிறுவச் சொன்னவர்கள் சோம்பேறிகள் இல்லை. அதுதான் எல்லாரிடமும் ஓடியது.

பிறகு பல வருடம் யாரும் இதைத் தொடவில்லை. 2008இல் சஃபாரி 3.1, 2009இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 என்று சாதாரண எழுத்துருக் கோப்பையே நேராக ஏற்கத் தொடங்கின. 2012 முடிவில் வோஃப் என்ற பொது வடிவம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையானது. 2018இல் வோஃப் 2. பின்னது பிராட்லி என்ற முறையில் சுருக்குவதால் கோப்பு நன்றாகவே சிறுக்கும். நாம் மேலே பேசிய லோட், ரெடி எல்லாம் உலாவிகள் இப்படிக் கோப்பை நேராக ஏற்கத் தொடங்கிய பிறகு வந்தவை. கோப்பு எப்போது வருகிறது என்று நிரலிலிருந்து கேட்கவே அதற்கு முன் நேர்வழி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியை எழுதிவைத்து, அதன் அகலம் மாறுகிறதா என்று நொடிக்குப் பலமுறை அளந்துகொண்டிருப்போம். அகலம் மாறினால் எழுத்துரு வந்துவிட்டது என்று பொருள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கேள்வி: கேன்வாஸின் மேல்விளிம்பில் எழுதினால் ‘கீ’யின் சுழி வெட்டுப்படுகிறது. எழுத்தின் உயரம் 40 பிக்சல் என்று கணக்கு வைத்து 40 பிக்சல் இடம் விட்டிருக்கிறேனே?

பதில்: 40 பிக்சல் என்பது எழுத்தின் உயரம் இல்லை, எழுத்துருவை வடிவமைத்தவர் மனதில் வைத்திருந்த ஒரு கட்டத்தின் அளவு. அந்தக் கட்டத்துக்குள்தான் எழுத்து அடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மெஷர்டெக்ஸ்ட் அகலத்தோடு, மை உண்மையில் எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது, இடமும் வலமும் எவ்வளவு நீள்கிறது என்பதையும் தரும். ‘ஆக்சுவல்பவுண்டிங்பாக்ஸ்’ என்று தொடங்கும் நான்கு எண்கள் அவை. எல்லாரும் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். முதலில் அளந்துவிட்டு, பிறகு கேன்வாஸின் அளவை வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கேன்வாஸின் அகலத்தையோ உயரத்தையோ மாற்றினால் நீங்கள் வைத்த ஃபான்ட் பண்பும் அழிந்து, பழைய 10 பிக்சலுக்குப் போய்விடும். மறுபடி வைக்க வேண்டும்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் வைத்துத்தான் எல்லாவற்றையும் படிக்கிறேன். நண்பர்கள் இப்போது வாழ்த்துகளைப் படமாகச் செய்து அனுப்புகிறார்கள். ‘படம்’ என்பதோடு என் மென்பொருள் நிறுத்திக்கொள்கிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: பெறுகிற உங்கள் பக்கம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. அலங்கார எழுத்துருவில் அவை தடுமாறும். செய்ய வேண்டியவர்கள் அனுப்புகிற பக்கத்தை எழுதுகிறவர்கள். இந்தக் கடிதத்தை முதல் கேள்வி கேட்ட மாணவிக்காகவே இங்கே வைத்தேன்.

தங்கையே, பயனர் தட்டிய பெயர் உங்கள் நிரலில் ஒரு மாறியில் உரையாகவே இருக்கிறது. கேன்வாஸில் வரைந்ததும் அதே வாழ்த்து வரியைக் கேன்வாஸ் குறிச்சொல்லின் உள்ளேயும் எழுதிவிடுங்கள். திரையில் தெரியாது, திரைவாசிப்பான் படிக்கும். ஆனால் படமாக இறக்கிய பிறகு அது கூட வராது. அதனால் இறக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் பகிரும் பொத்தான் ஒன்றும் வையுங்கள். உலாவியின் ‘ஷேர்’ ஏபிஐ படக் கோப்போடு உரையையும் வாங்கிக்கொள்ளும். சில செயலிகள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உரையை விட்டுவிடுகின்றன. அதற்காக வாழ்த்து வரியை நகலெடுக்கும் பொத்தானும் ஒன்று இருக்கட்டும். செய்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள். கடிதம் எழுதிய வாசகரிடம் கொடுத்து அவர் மென்பொருளிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.